நாற்பத்து மூன்று முறை நீக்கப்பட்டவள்

கொழுந்தன் இறந்தவரின் வலதுகைக் கட்டைவிரலை எடுத்துப் போனில் அழுத்திக்கொண்டிருந்தான். போன் ஒருமுறை அதிர்ந்து மறுத்தது. விரலைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். மறுபடியும் மறுத்தது. தேநீர்த் தட்டோடு வந்த அவள் அறை வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக வேறு யாரையும் தொடவிடாத போன். இப்போதும் விடவில்லை.

"சூடு இருந்தாத்தான் எடுக்கும்போல," என்றான் கொழுந்தன். "அண்ணி, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"விரல்ல ஒத்தி எடுக்கலாம்னுதான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த மாடிவீட்டு அம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். கூடத்தின் நடுவில், துணியை விரித்து வெட்டும் இடத்தில், அவரைக் கிடத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு ஆள் நீளத்துக்கு எதையாவது மடங்காமல் போடக்கூடிய ஒரே இடம் அதுதான்.

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு," என்றாள் மகள், தலை நிமிராமல். காலை பஸ்ஸில் வந்தவள் மருந்துக்கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. "அதைப் போடுங்க சித்தப்பா. அப்பா எல்லாத்துக்கும் அதைத்தான் வெச்சிருந்தார்."

திறந்துகொண்டது. கொழுந்தன் கட்டைவிரலை மெதுவாகப் பழைய இடத்தில் வைத்தான். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பி வைப்பவனைப் போல.

"ஆன்லைன்காரங்க சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் நேரம் கொடுத்திருக்காங்க," என்றான் அவளிடம், குரலைத் தாழ்த்தி. "அதுக்குள்ள அந்தக் குறை எழுதின ஆளோட பிரச்சினையைத் தீர்க்கலைன்னா கடையை மூடிடுவாங்க. அமரர் வண்டியும் நாலு மணிக்குத்தான் சொல்லியிருக்கு. நான் எதைன்னு பார்க்கறது அண்ணி?"

அவன் துக்கம் பொய்யில்லை. காலையில் வந்ததும் அண்ணன் காலடியில் விழுந்து அழுதான். ஆனால் அந்த அழுகையின் மறுபக்கத்தில் முந்நூறு கிண்ணங்கள் இருந்தன. பறவைகளுக்குத் தீனி வைக்கும் எஃகுக் கிண்ணங்கள். அண்ணனுடைய கடையின் பெயரிலேயே அவனும் விற்றுக்கொண்டிருந்தான். இணையத்தில் அந்தக் கடை மூடினால் கிண்ணங்களும் போய்விடும். அவற்றை அவன் மனைவி வீட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தாள்.

கடை என்றால் ஒரு தளத்தில் ஒரு பக்கம். அதில் கூண்டு உறைகள் விற்பனை. வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் கூண்டை மூடுவதற்கு வாங்கும் தடித்த கறுப்புத் துணி உறை. வாங்குகிறவர் கூண்டின் அளவை எழுதி அனுப்புவார். கணவர் அதை ஒரு சீட்டில் குறித்துத் தருவார். அவள் வெட்டித் தைப்பாள். அவர் மடித்து, பொட்டலம் கட்டி, அனுப்பிவிட்டு, போனோடு உட்கார்ந்துவிடுவார். வந்த பாராட்டு, வந்த குறை, போட்ட நட்சத்திரம், போடாத நட்சத்திரம் எல்லாம் அவர் இலாகா. அவள் ஒருமுறை போனை எட்டிப் பார்த்தபோது, "உனக்கு எதுக்கு? படிச்சா கை நடுங்கும். நீ தையல்ல இரு," என்று சொல்லிவிட்டார். அதில் ஏதோ அக்கறை இருப்பதாக அப்போது நினைத்தாள். அப்படி நினைத்த தன்னை இன்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இதோ பாருங்க." கொழுந்தன் போனை அவள் முன் நீட்டினான்.

ஒரு நட்சத்திரம். கீழே வாங்கியவர் எழுதியிருந்தார்: உறை இரண்டு விரல்கடை குட்டை. அடியில் வெளிச்சம் நுழைகிறது. நான் ரொட்டி ஆலையில் இரவு வேலை செய்கிறேன். பகலில்தான் தூங்க முடியும். வெளிச்சம் பட்டால் கிளி கத்துகிறது.

அதற்குக் கீழே கணவருடைய பதில். மன்னிப்பு, வருத்தம், மதிப்பு என்று நாலு வரி. கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். 'தங்கள் உறையைத் தைத்த பணியாளர் உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"எந்தப் பணியாளர்?" என்றாள்.

"அது சும்மா எழுதறதுதானே அண்ணி. எல்லாக் கடையிலும் எழுதுவாங்க. வாங்கினவனுக்கு ஒரு திருப்தி." கொழுந்தன் அவசரமாகக் கீழே நகர்த்தினான். "சிக்கல் அதுல இல்ல. இந்த ஆளைப் பாருங்க. திருப்திப்படறதை விட்டுட்டு மறுபடி எழுதியிருக்கான்."

நான் உறை குட்டை என்றுதான் சொன்னேன். ஒருவர் வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. இரண்டு விரல்கடைத் துணிக்காக ஒரு ஆளை வெளியே அனுப்புகிறவர்களிடம் யாரும் எதுவும் வாங்காதீர்கள்.

அதை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பயனுள்ளது என்று குறித்திருந்தார்கள்.

"அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கார். அந்த ஆளைத் திரும்ப வேலைக்கு எடுத்தாச்சுன்னுகூட எழுதியிருக்கார். 'அவங்களே எங்கிட்ட சொல்லட்டும், அப்ப நட்சத்திரத்தை மாத்தறேன்'ங்கறான். வேலையத்தவன்."

"ராத்திரி முழுக்க வேலை பார்க்கறவர்னு எழுதியிருக்காரே சித்தப்பா," என்றாள் மகள்.

எழுதும் கட்டத்தில் அனுப்பாத ஒரு பதில் நின்றிருந்தது. இன்று காலை ஏழு மணிக்கு அவர் எழுதிக்கொண்டிருந்தது. 'எங்களிடம் பணியாளர் யாரும் கிடையாது. இங்கே தைப்பது'

அவ்வளவுதான் இருந்தது. அதற்குப் பிறகு எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த சொல் என்னவாக இருந்திருக்கும் என்று அவள் யோசிக்கத் தொடங்குவதற்குள் கொழுந்தன் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தான். எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டுப் போயின. கட்டம் வெளுத்தது.

"நான் புதுசா எழுதறேன்," என்றான்.

"முதல்ல கொஞ்சம் போனைக் கொடுங்க தம்பி," என்று அவள் கையை நீட்டினாள். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனைக் கொடுக்க வைத்தது.

அவளும் மகளும் சமையலறையில், அடுப்பு மேடைக்குக் கீழே, தரையில் உட்கார்ந்து படித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தாயும் மகளும் இறந்தவரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

ஒன்பது வருடத்துப் பதில்கள். ஜிப் சிக்கிக்கொள்கிறது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பணியாளர் நீக்கப்பட்டார். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதாம். பணியாளர் நீக்கப்பட்டார். நாளாக ஆக அவருக்கு அதே வாக்கியம் அலுத்திருக்க வேண்டும், கற்பனை சேர்த்திருந்தார். 'இரக்கப்பட்டு வேலை கொடுத்திருந்த, பார்வை மங்கிய ஒரு முதியவரின் தவறு இது.' வேறொரு இடத்தில், 'அவர் குடிப்பழக்கம் உள்ளவர் என்பது எங்களுக்குத் தாமதமாகவே தெரியவந்தது.' இன்னொன்றில் பயிற்சிக்கு வந்த பெண். காதல் தோல்வியில் கவனம் சிதறியவள்.

மகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். "நாப்பத்தி மூணும்மா. நாப்பத்தி மூணு தடவை உன்னை வேலையை விட்டுத் தூக்கியிருக்கார்." அவள் தோள்கள் குலுங்கின. "குடிகாரியா ஒரு தடவை, குருட்டுக் கிழவனா ஒரு தடவை."

வாயைப் பொத்திக்கொண்டு மகள் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்க வந்த மாடிவீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அழுதுடு கண்ணு, அடக்கக் கூடாது," என்று பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். மகள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். அம்மாள் தாயின் பக்கம் திரும்பி, "நீயும் ஒரு சொட்டு விட்டுடும்மா. கல்லு மாதிரி இருக்கியே," என்றாள்.

அவள் தலையசைத்தாள். அவள் பாராட்டுகளுக்குப் போயிருந்தாள். இத்தனை பாராட்டுகள் வந்திருக்கின்றன என்பதே அவளுக்குத் தெரியாது. ஒருவர் எழுதியிருந்தார்: மூலைத் தையலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருக்கிறது, யார் கையோ. அந்த மூலை அவளுக்கு நினைவிருந்தது. எட்டுப்பட்டைக் கூண்டு. ஒவ்வொரு மூலையையும் மூன்று முறை பிரித்துத் தைத்தாள். கீழே அவருடைய பதில்: 'நன்றி. ஒவ்வொரு தையலையும் நானே நேரடியாகக் கவனித்துச் செய்கிறேன்.'

சரியாக இருந்தால் 'நானே'. கோணலாக இருந்தால் 'பணியாளர்'. அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஒருமுறை சட்டைப் பொத்தான் தைக்க முயன்று சட்டையைக் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்தவர்.

இவ்வளவு சிறிய மனிதரோடா இருந்தேன் என்று நினைத்தாள். குடித்தவரில்லை, அடித்தவரில்லை, வேறு பெண்ணிடம் போனவரில்லை. போயிருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது இருந்திருக்கும். வெறுப்பதற்குக்கூட ஓர் அளவு வேண்டியிருக்கிறது. இவர் அதற்கும் குட்டை.

கூடத்தில் கொழுந்தனின் குரல் கேட்டது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. நிழல் விழுது."

எழுந்து போய்ப் பார்த்தாள். அவன் தன் சொந்தப் போனை உயர்த்திப் பிடித்து அண்ணனின் முகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி இது?"

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. என் போன்லயும் கடையைத் திறக்க முடிஞ்சுது. நேரா தளத்துக்கே எழுதிட்டேன். விற்பனையாளர் இன்னிக்குக் காலையில காலமாயிட்டார், அந்த மோசமான மதிப்பீட்டோட மன உளைச்சல்தான் காரணம்னு. அதுக்கு ஆதாரம் கேட்கறாங்க."

அவன் காட்டினான். தளத்தின் உதவிப் பகுதி மின்னல் வேகத்தில் பதில் அனுப்பியிருந்தது.

'அன்புள்ள விற்பனையாளரே! தாங்கள் காலமானது குறித்து வருந்துகிறோம். தங்கள் அனுபவத்தை மேம்படுத்த உதவ விரும்புகிறோம். தொடர்புடைய படத்தை இணைக்கவும்.'

"டாக்டர் கொடுத்த சான்றிதழ் இருக்கே," என்றாள் மகள், பின்னாலிருந்து.

"அதை அனுப்பினேன்மா. தெளிவா இல்லைன்னு திருப்பிடுச்சு. அவர் கையெழுத்து அப்படி." அவன் குனிந்து அண்ணனின் கழுத்து வரை போர்வையைச் சரிசெய்தான். ஒரு நிமிடம் அவன் முகம் சின்னப் பையனின் முகமாக ஆனது. பிறகு படத்தை அனுப்பினான்.

பதில் வந்தது. 'படத்துக்கு நன்றி. இதில் பொருளின் குறைபாடு தெளிவாகத் தெரியவில்லை. மதிப்பீட்டை வாங்கியவர் மட்டுமே மாற்ற முடியும். மீதமுள்ள நேரம்: ஒரு மணி பத்து நிமிடங்கள். எங்கள் உரையாடல் தங்களுக்கு நிறைவளித்ததா? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடவும்.'

மகள் குனிந்து சித்தப்பாவின் போனில் 'ஒன்று' என்ற எண்ணைத் தொட்டாள்.

கொழுந்தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு அவளைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டான்.

"அண்ணி, ஒரே ஒரு வழிதான் இருக்கு. அவன் அந்த வேலைக்காரியே பேசணும்ங்கறான். நீங்க ஒரு தடவை பேசிடுங்க. வேலைக்காரி மாதிரி. 'ஐயா, என்னைத் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க, முதலாளி தங்கமானவர்'னு. ரெண்டு வார்த்தை. அண்ணன் பேரும் காப்பாத்தின மாதிரி ஆச்சு, கடையும் நிக்கும். கடை நின்னாத்தானே உங்களுக்கும் நாளைக்கு..." முடிக்காமல் நிறுத்தினான்.

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த வீட்டுக்குள் வரும் ஒரே வரும்படி அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் வந்தது. மகளின் சம்பளம் மகளின் வாடகைக்குச் சரியாகப் போய்விடும். நாலு மணிக்குக் கடை போனால் ஒன்பது வருடத்து நட்சத்திரங்களும் சேர்ந்து போகும். நாளைக் காலையில் அவள் ஒரு மெஷினும் நாற்பத்தைந்து வயதும் உள்ள பெண். அவ்வளவுதான்.

"வேலைக்காரி மாதிரி எப்படிப் பேசணும்?" என்று கேட்டாள்.

கொழுந்தன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டான். "கொஞ்சம் பணிவா, குரலை இறக்கி. நடுவுல ரெண்டு 'ஐயா' போட்டுக்கலாம். உங்களுக்கு வரும் அண்ணி."

அவள் தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறை என்றால் மெஷினும் துணி ரோல்களும் போக ஒருவர் திரும்ப இடமிருக்கும். மெஷினில் காலையில் தைத்த உறை இன்னும் ஊசிக்கடியில் இருந்தது. விளிம்பு முடிந்திருந்தது.

காலையில் அதை முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். கூடத்தில் போன் விழுந்த சத்தம் கேட்டது. எவனோ வாங்கினவன் ஏதோ எழுதிவிட்டான், போனைத் தூக்கிப் போட்டிருக்கிறார் என்று நினைத்தாள். போடட்டும் என்று நினைத்தாள். விளிம்பில் ஒரு முழம் மீதி இருந்தது. நிறுத்தினால் தையல் வரி பிசகும். ஓட்டி முடித்து, நூலை அறுத்து, பிறகுதான் போனாள். உடனே போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்காமலேயே சொன்னார். அந்த ஒரு முழத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ரொட்டி ஆலைக்காரரின் எண்ணுக்காக அந்த விற்பனையின் விவரத்தைத் திறந்தாள். பெயர், விலாசம், எண், கூண்டின் அளவு. அகலம் பதினெட்டு. ஆழம் பதினெட்டு. உயரம் இருபத்தாறு அங்குலம்.

இருபத்தாறு என்று தைத்ததாக நினைவில்லையே என்று தோன்றியது. முடிந்த சீட்டுகளைச் சுவரில் ஓர் ஆணியில் குத்தி வைப்பது வழக்கம். மேலிருந்து தேடி அந்தச் சீட்டை எடுத்தாள். அவருடைய குண்டுக் கையெழுத்து. உயரம் இருபத்துநான்கு.

அடுத்த சீட்டை எடுத்தாள். போனில் முப்பது, சீட்டில் இருபத்தெட்டு. அதற்கடுத்தது, இருபத்திரண்டு, இருபது. பிறகு அவசரமில்லாமல் கீழே கீழே போனாள். பழைய ஆணிக்கும், அதற்கும் பழைய டப்பாவுக்கும் போனாள். இரண்டு அங்குலம் ஒன்றரை ஆனது. ஒன்றரை ஒன்றானது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அரை அங்குலம். ஆறு வருடத்துக்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது.

அவர் துணியை மிச்சப்படுத்தியிருக்கிறார்.

அவளுக்கு எல்லாம் வரிசையாக வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் முதல்முதலாக உறை குட்டை என்று குறை வந்தது. "உன் கத்திரி இழுக்குது," என்றார். "அளவைப் பார்த்து வெட்டு." அவள் மறுபடி மறுபடி அளந்து பார்த்தாள். சீட்டில் இருந்தபடிதான் இருந்தது. ஆனாலும் குறை வந்தது. கடைசியில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். அவரிடம் சொல்லாமல் ஒவ்வொரு உறையிலும் அரை அங்குலம் கூட்டி வெட்டத் தொடங்கினாள். குறை நின்றது. குறை நின்றதும் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று அவருக்குத் தைரியம் வந்திருக்கிறது. ஒன்றாக்கினார். மறுபடி குறை, மறுபடி "உன் கத்திரி." அவளும் ஒன்றாக்கினாள். இப்படியே ஏறி ஏறி இரண்டு அங்குலத்தில் வந்து நின்றிருக்கிறது. அவர் திருட்டுத்தனமாக இரண்டு குறைப்பார், அவள் திருட்டுத்தனமாக இரண்டு கூட்டுவாள். ஊரிலுள்ள கிளிகளெல்லாம் சரியான இருட்டில் நிம்மதியாகத் தூங்கின. ரோல் மட்டும் ஏன் முன்னைப்போலவே தீர்கிறது என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதும் அவளுக்கு நினைவு வந்தது.

பிறகு போன மாதம் அவர் ஒரு கத்திரி வாங்கிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளுக்கென்று தேடி வாங்கிய முதல் பொருள். கனமானது, சிவப்புப் பிடி போட்டது. "இனிமே இழுக்காது பாரு," என்றார். அந்த முகத்தில் பொய் இருக்கவில்லை. அதை யோசித்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே வாய் கசந்தது. ஐந்து வருடம் தானே சொல்லிச் சொல்லி, கடைசியில் தன் பொய்யைத் தானே நம்பி, அதற்கு ஒரு கத்திரியும் வாங்கியிருக்கிறார். அவளும் நம்பினாள். புதுக் கத்திரி இழுக்காது என்று கூட்டுவதை நிறுத்தினாள். அன்றிலிருந்து வெளியே போன ஒவ்வொரு உறையும் இரண்டு அங்குலம் குட்டை.

சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் மட்டும் என்ன பெரிய அளவு என்று நினைத்தாள். சீட்டைக் கொடுத்தால் வெட்டினேன். கை சரியில்லை என்றால் கையைச் சந்தேகப்பட்டேன். ஒரு தடவை போனை வாங்கி அளவைப் பார்க்கத் தோன்றவில்லை. இவரைக் குட்டை என்று சொல்ல நான் எந்த உயரத்தில் நிற்கிறேன்.

மூன்றே முக்காலுக்கு எண்ணை அழுத்தினாள். நீண்ட நேரம் அடித்தது.

"யாரு?" தூக்கம் கலைந்த ஆண் குரல்.

பணிவாகப் பேச அவள் வாயைத் திறந்தாள். பழகிய குரல்தான் வந்தது. "கூண்டு உறை தைக்கிறவ பேசறேன்."

மறுமுனை விழித்துக்கொண்டது. "உங்களையா வேலையை விட்டு எடுத்துட்டாங்க?"

"ஆமா."

"எப்ப?"

"அது ரொம்ப வருஷமா எடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. "இப்பத் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்களா? உண்மையைச் சொல்லுங்கம்மா. பக்கத்துல அந்த ஆளு நின்னுக்கிட்டு சொல்லச் சொல்றாரா?"

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், யாரோ நாற்காலிகளை ஓரமாக இழுத்தார்கள். "பக்கத்துல இல்ல. கூடத்துல இருக்கார். காலையில இறந்துட்டார்."

"ஐயோ," என்றார் மெதுவாக. "என்னாலயா?"

"இல்லீங்க. அவருக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரையை ஒழுங்காப் போடமாட்டார்."

"நான் அந்த நட்சத்திரத்தை எடுத்துடறேம்மா. இப்பவே எடுத்துடறேன். இந்த நேரத்துல உங்களைப் போய்ப் பேசச் சொல்லி..."

அவள் செய்ய வேண்டியதெல்லாம் சரி என்று சொல்வது மட்டும்தான். கதவு தட்டப்பட்டது. "அண்ணி, ஒத்துக்கிட்டானா?"

"எடுக்காதீங்க," என்றாள் போனில். "உறை குட்டைதானே? குட்டைன்னு எழுதினது சரிதான்."

"அப்ப கடை?"

"அது போகட்டும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கும் எண்ணம் வரவில்லை.

"நீங்க உயரம் இருபத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. எங்கிட்ட வந்த சீட்டுல இருபத்திநாலு. நான் சீட்டுப்படி வெட்டினேன்."

"யாரு மாத்தினது?"

அவள் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள். வெறும் ஆணி. மடியில் அந்தக் குண்டுக் கையெழுத்து. 'நாலு' போடும்போது அவர் எப்போதும் பென்சிலை அழுத்துவார். தாள் சில இடங்களில் கிழிந்திருந்தது.

"தெரியலீங்க," என்றாள். "உங்க விலாசம் எங்கிட்ட இருக்கு. வேற ஒன்னு தைச்சு அனுப்பறேன். நீங்க இன்னொரு தடவை கூண்டை அளந்து சொல்லுங்க. நான் நேரா குறிச்சுக்கறேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பறை திறந்து மூடியது. பிறகு குரல் திடீரென்று கிசுகிசுப்பாக மாறியது. "கூண்டுகிட்ட வந்துட்டேன். மந்திரி தூங்கறான். அடியில ஒரு பழைய துண்டைச் சுத்தி இருட்டாக்கி வெச்சிருக்கேன்."

"மந்திரியா?"

"கிளி. எந்நேரமும் பேச்சு, ஒரு வேலை கிடையாது. அதான் அந்தப் பேரு."

அவளுக்கு உதடு லேசாக விரிந்தது. தெருவில் வண்டி வந்து நின்று, பின்பக்கக் கதவைத் திறந்தார்கள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். மகள், "அம்மா வருவாங்க, இருங்க," என்று சொல்வது கேட்டது. கொழுந்தன் மறுபடி தட்டினான். "அண்ணி, மூணு நிமிஷம்தான் இருக்கு."

"அகலம் பதினெட்டு," என்றார் அவர், மூச்சோடு மூச்சாக.

"பதினெட்டு," என்று அவளும் கிசுகிசுத்தாள். ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்.

"ஆழம் அதேதான். உயரம்... இருங்க, மேல தொங்கவிடற வளையம் இருக்கே. அதையும் சேர்க்கணுமா?"

"சேருங்க. மெதுவா அளங்க."

நாடா கம்பியில் உரசும் சத்தம். உள்ளே ஒரு சிறகு அசைந்தது. அவர் அப்படியே நின்றிருக்க வேண்டும், பேச்சில்லை. அவளும் பென்சிலைத் தாளில் வைத்தபடி மூச்சை நிறுத்தினாள்.

கதவை இந்த முறை பலமாகத் தட்டினார்கள். சத்தம் அந்தப் பக்கம் போய்விடாமல் அவள் போனின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.